இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் என்ன தின்பீர்கள்?

பிச்சாட்டூரில் பஸ் ஏறியதிலிருந்து நான் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் புத்தூர் தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"சாமி கும்பிட்டுக்கினு வர்றியா, பாடம் படிச்சிக்கினு வர்றியா?"

"பாடம்தான் அத்தை."

"கொஞ்சம் வாய மூடிக்கினு படி. எதிர் சீட்டுக்காரி உன்னையே பாத்துக்கினு வர்றா."

மூடிக்கொண்டேன். ஆனால் வாய் மூடினால் பாடம் மறந்துவிடுமோ என்று பயம் வந்தது. முந்தானையை வாய்க்கு மேல் பிடித்துக்கொண்டு உள்ளே தொடர்ந்தேன்.

என் கணவர் இங்கிலாந்தில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறார். பாத்திரம் கழுவப் போனவர், இப்போது அடுப்பில் நிற்கிறார். என்னை அங்கே அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால் எனக்கு ஆங்கிலம் பேச வரும் என்று ஒரு பரீட்சையில் பேசிக் காட்ட வேண்டும். எழுதுவது ஒன்றும் இல்லை, எதிரில் இருப்பவர் கேட்பார், நாம் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் நான் ஏற்கெனவே ஒரு முறை தோற்றிருந்தேன். உங்கள் ஊரில் வெயில் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். 'ஹாட்' என்றேன். அதற்கு மேல் வாய் காய்ந்துவிட்டது.

தோற்ற செய்தியைச் சொன்னபோது கணவர் போனில் சிரித்தார். "அடுத்த தபாவும் வரலன்னா சொல்லு, நானே எல்லாத்தையும் விட்டுட்டு வந்துர்றேன். எனக்கு ஒண்ணும் இல்ல." அந்த 'ஒண்ணும் இல்ல' என்னைத் தூங்க விடவில்லை. அவர் உண்மையாகவே வந்துவிடுவார். வந்து, இங்கே ஏதோ ஒரு வேலையில் நின்றுகொண்டு, ஒரு வார்த்தையும் என்னைக் குறை சொல்லாமல் இருப்பார்.

நான் ஒன்பதாவது பாதியில் நின்றவள். அம்மாவுக்கு ஆபரேஷன், வீட்டில் ஆள் வேண்டும் என்று கொஞ்ச நாளைக்கு நிறுத்தினார்கள். அம்மாவுக்குச் சரியான பிறகு பள்ளிக்கூடம் போ என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆங்கிலம் என்றால் எனக்குக் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவது. அதற்குச் சத்தம் உண்டு என்றே பெரிதாக நினைத்ததில்லை.

தோற்ற பிறகு குடிபாலாவில் அம்மா வீட்டில் தங்கிக்கொண்டு சித்தூரில் ஒரு கோச்சிங்குக்குப் போனேன். அங்கே சார் எல்லாக் கேள்விக்கும் பதிலை அச்சடித்துக் கொடுத்துவிடுவார். குடும்பத்துக்கு ஒரு பதில், பண்டிகைக்கு ஒரு பதில். "யோசிக்காதீங்க. யோசிச்சா நின்னுடுவீங்க. ஒப்பிச்சிட்டு வந்துருங்க" என்பார். சாப்பாட்டுக்கான பதிலில், நான் பழங்களும் பாதாம் முந்திரியும் விரும்பிச் சாப்பிடுவேன், எண்ணெய்ப் பலகாரம் உடம்புக்குக் கெடுதல் என்று இருந்தது.

"சார், நான் பாதாமே துன்றதில்ல" என்றேன்.

"அவங்க உங்க வீட்டுக்கு வந்து டப்பாவ தொறந்து பாக்கப் போறாங்களாம்மா?" என்றார் சார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு மனப்பாடம் செய்தேன்.

திருப்பதியில் பரீட்சை நடக்கும் கட்டடம் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில். அத்தை வாசலிலேயே உட்காரப் போனார். "இக்கட கூர்ச்சோகூடது அம்மா", இங்கே உட்காரக் கூடாது என்று காவலாளி தெலுங்கில் தடுத்தார். அத்தை அவரிடம் தெலுங்கிலேயே, என் மருமகள் உள்ளே போகிறாள், அவள் பயந்த சுபாவம், நான் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்று நீளமாகச் சொல்லி, படிக்கட்டு ஓரத்தில் இடம் பிடித்துவிட்டார். என்னைப் பார்த்து, "பயப்படாத. வந்தா வரட்டும், வராட்டி போவட்டும்" என்றார். வராட்டிப் போகட்டும் என்பதை அவர் எந்த மனதில் சொன்னார் என்று மாடி ஏறும்போது யோசித்தேன். நான் போய்விட்டால் வீட்டில் அவர் ஒருவர்தான்.

போனையும் கடிகாரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சின்ன அறைக்குள் விட்டார்கள். ஏசி போட்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. நெற்றியில் குங்குமம், காட்டன் புடவை, சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் தெலுங்கில் வழி கேட்டிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்ததும் தைரியம் வந்தது. மேசை மேல் பதிவு செய்யும் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்ததும் போய்விட்டது.

பெயர் கேட்டார், ஊர் கேட்டார். சொன்னேன். வீட்டில் யார் யார் என்றார். ஒப்பித்தேன். இது பரவாயில்லையே என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் அடுத்ததைக் கேட்டார். இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் ஏதாவது சாப்பிடுவீர்களா, அடிக்கடி சாப்பிடுவீர்களா என்று.

ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் வம்பு. எங்கள் பக்கத்தில் கல்யாணமான ஒரு பெண்ணைப் பார்த்து இதை யாரும் கேள்வியாகக் கேட்க மாட்டார்கள். 'எப்பப் பார்த்தாலும் துன்னுக்கினே இருப்பியா' என்றால் அது வசை. பொறுப்பான வீட்டுப் பெண் நடுவில் தின்ன மாட்டாள். தின்றாலும் அடுப்படியில் நின்றுகொண்டு, முதுகைத் திருப்பி வாயில் போட்டுக்கொள்வாள். இன்னொரு வீட்டுக்குப் போனால் எத்தனை பசியாக இருந்தாலும் 'இப்பதான் சாப்ட்டேன்' என்பாள். எனக்கு யோசிக்க நேரமே இருக்கவில்லை. பழமும் பாதாமும் ஞாபகம் வருவதற்குள் வாய் பதில் சொல்லிவிட்டது.

"நோ மேடம். ஐ டோன்ட் ஈட்."

எதுவுமே சாப்பிட மாட்டீர்களா என்றார் அவர்.

"நத்திங், மேடம்." காபி வேண்டாம் என்பதற்கு ஆட்டுவதைப் போல உள்ளங்கையையும் ஆட்டினேன்.

அவர் காத்திருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, என்னைப் பேச வைக்கப் பார்க்கிறார். நான் ஒன்றுமே தின்பதில்லை என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டேன். இனிமேல் பாதாமைக் கொண்டுவரவும் முடியாது. ஒன்றும் சாப்பிடாதவளுக்குப் பாதாம் எங்கிருந்து வரும்? ஏசி சத்தம் பெரிதாகக் கேட்டது. அவர் தாளில் ஏதோ குறித்தார். எழுதட்டும், ஊமை என்று எழுதட்டும் என்று நினைத்தேன். அங்கே அடுப்பை அணைத்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு என் கணவர் கிளம்புவது கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த அம்மா வேறு பக்கமாக வந்தார். சின்ன வயதில்? அப்போது என்ன தின்பீர்கள்?

சின்னப் பிள்ளை தின்றால் அதில் குற்றம் இல்லை. "ரைஸ்" என்றேன்.

அரிசிச் சோறு சாப்பாடு ஆயிற்றே, நொறுக்குத்தீனி இல்லையே என்றார்.

"நோ மேடம். நாட் குக். ரா ரைஸ்." டப்பாவுக்குள் கைவிட்டு எடுத்து வாயில் போடுவதைப் போல நடித்துக் காட்டினேன். பல்லால் நொறுக்கியும் காட்டியிருப்பேன் போல. அவர் பேனாவை வைத்துவிட்டார். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று கேட்டார்.

"மை மதர் பீட் மீ. ஷி சே, டோன்ட் ஈட், ரெய்ன் கம் இன் யுவர் மேரேஜ்."

பச்சை அரிசி தின்றால் கல்யாணத்தில் மழை வரும் என்பது அந்தக் குங்குமத்துக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் தெரியாதவரைப் போல நிமிர்ந்து, வந்ததா என்றார்.

வந்தது. மழையே இல்லாத மாதத்தில், தாலி கட்டின கொஞ்ச நேரத்தில், பந்தல் தொய்ந்து தண்ணீர் ஒரே பக்கமாகக் கொட்டியது. பந்தியில் இருந்தவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள். எல்லார் கண்ணும் மணப்பெண் மேல்தான். இதை எல்லாம் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எந்த வினையும் சரியாக இருந்திருக்காது. நேற்று நடந்ததும் நாளை நடப்பதும் ஒன்றாகக் கலந்து வந்தன. தெரிந்துதான் பேசினேன். நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது என்ற பயத்தில் நிறுத்தவே இல்லை. "ஆல் பீப்பிள் லுக் மீ, மேடம். மை ஹஸ்பெண்ட் ஒன்லி லாஃபிங்."

இப்போதும் அரிசி தின்பீர்களா என்றார்.

இங்கேதான் மாட்டினேன். சற்று முன் ஒன்றுமே தின்பதில்லை என்று சொன்னவள். ஆமாம் என்றால் பொய்க்காரி ஆகிவிடுவேன். பொய் சொன்னதற்கும் மதிப்பெண் குறைப்பார்களோ? இல்லை என்றால் பேச்சு மறுபடி நின்றுவிடும். சிவப்பு விளக்கைப் பார்த்தேன்.

"எஸ் மேடம். டென்ஷன் டைம்."

அப்படியானால் இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் நீங்கள் தின்பதுண்டு?

"எஸ் மேடம். பட் நோபடி நோஸ்."

அந்த அம்மா குனிந்து தாளைச் சரி செய்தார். குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு நேரம் முடிந்தது, போகலாம் என்றார்.

ரிசல்ட் சொல்லும் வரை கீழே காத்திருக்கச் சொன்னார்கள். அத்தை படிக்கட்டில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"இன்னா கேட்டாங்க?"

"நொறுக்குத்தீனி பத்தி அத்தை."

"அதுக்கா இவ்ளோ தூரம் வரவெச்சாங்க? நீ இன்னா சொன்ன?"

"அரிசி துன்றதப் பத்தி." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று தெரிந்தது. "சின்ன வயசுல" என்று சேர்த்தேன்.

"சின்ன வயசுலயா," என்றார் அத்தை, எதிர்க் கடை பொம்மை கட்டியிருந்த புடவையைப் பார்த்துக்கொண்டே. "அவன் போனதுலேர்ந்து நம்மூட்டு அரிசி டப்பாவுல எலி பூந்துருச்சின்னு நெனச்சிக்கினு இருக்கேன் நானு."

நான் தலையைத் தூக்கவில்லை. உள்ளே நான் பேசியதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். 'பீட்' என்றேனா, 'ஹிட்' என்றேனா? ஹஸ்பெண்ட் சிரித்ததைச் சொல்லியிருக்கக் கூடாது. கேட்டதற்கு மேல் பேசினால் குறைப்பார்கள் என்று சார் சொன்னாரா, கூட்டுவார்கள் என்றாரா?

மேலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து என் பெயரைச் சொன்னாள். எழுந்தேன். அவள் தெலுங்கில், "பாஸ் அய்யாரு மேடம்" என்றாள், ஏதோ தினமும் சொல்வதைப் போல. நான் அவள் முகத்தைப் பார்த்து, "நேனா?" என்று கேட்டேன். நீங்கள்தான் என்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அத்தைக்கு விட்டேன். ரேணிகுண்டா தாண்டியதும் அவர் என் கையிலிருந்த போனைக் காட்டி, "இத எப்டி போடறது, மூஞ்சி தெரியுற மாதிரி?" என்றார்.

"நான் போட்டுத் தர்றேன் அத்தை."

"நீ போட்டுத் தராத. எங்க அழுத்தணும்னு மட்டும் சொல்லு."

அவர் விரலைப் பிடிக்காமல், எங்கே என்று மட்டும் காட்டினேன். முதலில் தவறி வேறு யாருக்கோ போய்விட்டது. அணைத்தேன். மறுபடி போட்டார். மணி அடித்தது. அந்தப் பக்கம் புகைக்கும் தட்டுச் சத்தத்துக்கும் நடுவில் என் கணவர் முகம் வந்தது, என்னைத் தேடிக்கொண்டு. அத்தை போனைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பஸ்ஸே கேட்கும்படி சொன்னார்.

"உன் பொண்டாட்டி பாஸாயிட்டா நைனா. டிக்கெட் போடு. நான் இப்ப ஃபோன் போடக் கத்துக்கினு இருக்கேன்."