மூன்றாவது கேள்வி

என் தம்பியை எல்லாரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு டீ குடிக்க அரைமணி நேரம் எடுப்பான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறான். ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான். நூல் முடிச்சு தட்டுப்பட்டால் தனியே எடுத்து வைப்பான். படுக்கிறவர்களுக்கு முதுகில் குத்துமாம். இவனால் வேலை தேங்குகிறதென்று மேற்பார்வையாளர் என்னிடம் புலம்புவார்.

எங்கள் தேவாலயச் சபையில் நான் மூப்பர். அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் சேர விரும்புகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்பது என் வேலை. மூன்றாவது, நானே சேர்த்தது: வேதத்தில் மனம் என்றால் என்ன? பன்னிரண்டு வருடத்துக்கு முன் தம்பியும் வந்து நின்றான். முதல் இரண்டுக்கும் தட்டுத் தடுமாறிப் பதில் சொன்னான். மூன்றாவதற்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். புத்தி வளரட்டும், பிறகு பார்க்கலாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். உடன்பிறந்தவனுக்கும் சலுகை காட்டவில்லையே என்று போதகர் பாராட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதன் பிறகு, திருவிருந்தில் நாங்கள் குடித்து வைக்கும் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களைத் தம்பி தானாகவே கழுவத் தொடங்கினான். அவனை மறுபடி அழைக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்களுக்குப் பாடம் நடத்தினேன். மனம் என்பது வெறும் மூளையல்ல, வேதத்தில் பல இடங்களில் மனமும் இருதயமும் ஒன்றே, கிறிஸ்துவின் சிந்தை உள்ளவன் தனக்கு முன்னால் அடுத்தவனை நினைப்பான் என்று வெளுத்து வாங்கினேன். தொண்டை வறண்டு, தண்ணீர் குடிக்கப் பின்னறைக்குப் போனேன். தம்பி ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பிலும் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். எதற்கென்று கேட்டேன்.

"கீறல் இருந்தா உதட்டைக் கிழிச்சிடும்ணே. அதான் பாத்துப் பாத்து வைக்கிறேன்."

அவன் விரல் நுனி முழுக்கப் பழைய வெட்டுத் தழும்புகள். பன்னிரண்டு வருடமாக அந்தக் கையைப் பார்க்காமல் ஊருக்கு உபதேசம் செய்திருக்கிறேன். தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டேன்.

மறு ஞாயிறு, போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சம்மதம் வாங்கி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் நானே திராட்சரசக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினேன். பழக்கதோஷத்தில் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தான். வாங்கிக்கொள்ளவில்லை.

"மூணாவது கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லலையேண்ணே" என்றான்.