பெரிய வாரத்தில் அவித்த முட்டை

எங்கள் வீட்டில் செத்தவர்களைப் பார்க்கப் போகிற மாதம் நவம்பர். கல்லறைத் திருநாளன்று ஆவடிக் கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவின் மேட்டைக் கொத்திவிட்டு, சாமந்தி போட்டு மெழுகுவத்தி ஏற்றி வந்தால், அடுத்த நவம்பர் வரை தாத்தாவுக்கு எங்களால் தொந்தரவு கிடையாது. அதனால்தான் சீனத்துச் சித்தி பங்குனி வெயிலில், அதுவும் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில், களைக்கொத்தும் முட்டைக் கூடையுமாகக் கல்லறைக்குக் கிளம்பியபோது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சித்தப்பா ரங்கூனில் வேலையாக இருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் இரண்டு பேரும் நடந்தே கிளம்பினார்களாம். வந்து சேர்ந்தது சித்தி மட்டும்தான். சித்தப்பா வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டார். சித்தி ரங்கூனிலேயே பிறந்த சீனப் பெண். கையில் ஒரு ஜெபமாலை, வாயில் உடைந்த தமிழ். "தம்பிதான் கட்டிக்கினான்னு யார் கண்டா? சொல்றது அவ ஒருத்திதானே" என்றார் நைனா. ஈஸ்டர் கழிந்ததும் அவளைக் கன்னியர் மடத்தில் கொண்டுபோய் விடுவது என்று முடிவாகியிருந்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. தலை பின்னிவிடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அன்று காலை அவள் முட்டை அவிப்பதைப் பார்த்த அம்மா, "சேசுவே! ஒருசந்தி நாள்ல இன்னா வேலை இது?" என்று வாயில் அடித்துக்கொண்டாள். "செங்பெங்" என்றாள் சித்தி. யாருக்கும் விளங்கவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவின் சிலுவையைத் தாண்டிப் போனாள். சுவரோரம் வேப்பமரத்தடியில், எருக்கு மண்டி, சிலுவைகூட இல்லாமல் கிடந்த ஒரு மேட்டின் முன்னால் நின்றாள்.

"சித்தி, தாத்தா அங்க கீறாரு."

"இல்ல பாப்பா. உன் சித்தப்பா சொன்னது இது. வேப்பமரம்."

எருக்கைப் பிடுங்கினாள், பெருக்கினாள், தலைமாட்டில் எதையோ தேடித் தோண்டி எடுத்தாள். பிறகு முட்டைகளை மேட்டின்மேல் தட்டி உடைத்து, அந்த ஓடுகளை அங்கேயே தூவினாள். ஊதுவத்தி கொளுத்தி மண்டியிட்டு, அவள் பாஷையில் வெகுநேரம் பேசினாள். நடுநடுவே சித்தப்பாவின் பெயர் வந்தது. என் கைக்கும் ஒரு முட்டை வந்தது. ஒருசந்தி நோன்பில் தின்றால் பாவம், தின்னாவிட்டால் சித்திக்கு வருத்தம். வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தேன்.

அம்மா சொல்லி நைனா மூச்சிரைக்க ஓடிவந்தார். "எவன் கல்லறையையோ தோண்டிகினு கீறியே, ஊர் பாத்தா இன்னா சொல்லும்? எழுந்திரு!"

சித்தி எழவில்லை. தோண்டி எடுத்ததைப் புடவைத் தலைப்பால் துடைத்து அவரிடம் நீட்டினாள். பச்சை பிடித்த பித்தளை டப்பா.

நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது தாத்தாவின் மூக்குப்பொடி டப்பா. தாத்தா செத்த வாரம் அது காணாமல் போனதும், சின்னப் பையனாக இருந்த சித்தப்பாதான் விற்றுத் தின்றுவிட்டான் என்று நைனா அவரை அடித்து நொறுக்கியதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

"அப்பாக்கு அங்க பொடி வேணும்னு அவரு பொதச்சி வச்சாராம்" என்றாள் சித்தி. "அடி வாங்கியும் சொல்லலியாம்."

தாத்தா இருந்தது இந்த மேட்டில்தான். ஒரு பெருமழையில் சாய்ந்த சிலுவைகளைக் காவல்காரர் கைக்கு வந்த இடத்தில் நட்டுவிட்டிருக்கிறார். வருஷா வருஷம் எங்கள் சாமந்தியும் மெழுகுவத்தியும் யாரோ ஒரு புண்ணியவானுக்குப் போயிருக்கின்றன.

நைனா என் கையிலிருந்த முட்டையை வாங்கி உரித்து, பெரிய வாரத்தில், வாயில் போட்டுக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முட்டை தொண்டையில் சிக்கிவிட்டது என்று நினைத்து நான் முதுகில் தட்டினேன். "வாம்மா, ஊட்டுக்குப் போலாம்" என்றார் சித்தியிடம். மடத்துப் பேச்சு அதோடு நின்றது.

செங்பெங் என்பது முன்னோரின் கல்லறையைச் சுத்தம் செய்து படைக்கிற சீனர்களின் வசந்தகாலத் திருநாள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள், அன்று மண்டியிட்டு என்ன பேசினாய் என்று சித்தியைக் கேட்டேன்.

"புள்ள செத்தத அப்பா கிட்ட யாராவது சொல்லணும் இல்ல, பாப்பா? பத்திரமா கூட்டியார முடியலன்னு சொன்னேன்."

நான் அதை ஜெபம் என்று நினைத்து, அவள் முடித்ததும் சத்தமாக ஆமென் சொல்லியிருந்தேன்.