சித்தேரி அம்மாளுக்குக் கண்ணீர் அஞ்சலி

தெருநாடகக்காரர்கள் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் முதலில் விழுகிற கேள்வி, "நீங்க எந்தக் கட்சி?" என்பதுதான். மைக்கைப் பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா! செஞ்சியில் எங்கள் குழு சின்னது. தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி ஊர் ஊராக ஆடுகிறோம். டோலக்கு ஜமால் பாய், ஒப்பாரி நான். என் குரலுக்கு அழாதவர்கள் குறைவு. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்?

சேமிப்பு

முதல் ஆட்டம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில். கோட்டை பார்க்க வந்தவர்கள் பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே எங்களை வீடியோ எடுத்தார்கள். 'சொட்டுச் சொட்டாய்ச் சேமிப்போம்' என்று நான் உச்சத்தில் இழுத்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். இடுப்பில் பிளாஸ்டிக் குடம். அதை என் காலடியில் டொக்கென்று வைத்தார்.

"சேமி சேமின்றியே, மொதல்ல இதுல கொஞ்சம் ஊத்து. அப்பால சேமிச்சுக் காட்டறேன்!"

மாலை

ரோஷம் வந்துவிட்டது. காலிக் குடத்துக்காரர்களிடம் உபதேசம் செய்து என்ன ஆகப்போகிறது? தண்ணீர் எங்கே நின்றுபோனதோ அங்கே போய் ஆடுவது என்று முடிவு செய்தோம். வல்லம் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே சித்தேரி என்று ஒரு ஏரி. மலையிலிருந்து அதற்கு வருகிற கால்வாயை மறித்து, கலியமூர்த்தி என்பவர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார். ஐப்பசி மழைக்குள் கால்வாய் திறக்காவிட்டால் அந்த வருஷமும் ஏரி வறண்டுதான் கிடக்கும், ஊருக்கு லாரித் தண்ணிதான்.

ஆட்டத்துக்கு முன்னால் சுற்றுவட்டாரமெல்லாம் போஸ்டர் ஒட்டினோம். 'கண்ணீர் அஞ்சலி. சித்தேரி அம்மாள் இயற்கை எய்தினார். இப்படிக்கு, தாகத்துடன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.' அன்று சாயங்காலம் அவலூர்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர், கையில் ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். விஷயத்தைச் சொன்னதும் திருதிருவென்று விழித்தார்.

"சித்தேரி அம்மா நமக்கு இன்னா மொறைன்னு வழியெல்லாம் ரோசிச்சுப் பாத்தேன், புடிபடல. சாவாச்சே, போவாம இருந்தா தப்பாப் பூடும்னு வந்துட்டேன்!"

முழுக்கு

அந்த மாலையைத்தான் பாடைக்குப் போட்டோம். ஏரியில் வெடித்துக் கிடந்த வண்டல் பாளங்களை அடுக்கிப் பச்சைப் புடவை சுற்றிப் பிணம் மாதிரி அதில் கிடத்தியிருந்தோம். 'தவளைக்கும் எடம் குடுத்தியே, தாயே, உன் தாகம் தீர்க்க நாதியில்லையே' என்று நான் மார்பில் அடித்துக்கொண்டதும், வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் ஒருத்தரையொருத்தர் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். நிஜ அழுகை. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

பாட்டோடு எங்கள் நாடகம் முடிந்தது. பாடையைப் பிரிக்கப் போனேன். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"வாய்விட்டு அழுதாச்சு. இனி எடுத்தாவணும், எடுத்தா தலை முழுவணும். முழுவத் தண்ணி எங்க வச்சிருக்க, சொல்லு!"

வழி

நான் கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். அதற்குள் ஊர் ஆண்கள் பாடைக்குத் தோள் கொடுத்துவிட்டார்கள். எங்கே கொண்டுபோவது? "தண்ணி வந்த வழியாவே ஏரிக்குப் போவட்டும்" என்றார் ஜமால் பாய். தெருமுனையோடு நின்றுவிட வேண்டிய பெண்களும், ஏரிதானே என்று கூடவே வந்தார்கள்.

கால்வாயில் இறங்கி நடந்தால், எதிரே கலியமூர்த்தியின் வரப்பு. மல்லாட்டை பிடுங்கி முடித்து, அடுத்த போகத்துக்கு உழுது போட்டிருந்தார். "நாடகத்தத் தெருவுல வச்சிக்குங்க, என் நெலத்துல கால் வச்சா நடக்கறதே வேற" என்று காலையிலேயே எங்களை விரட்டினவர். வரப்பின் மேல் தலைப்பாகையோடு நின்றுகொண்டிருந்தார். ஜமால் பாய் அடியை நிறுத்தவில்லை. பாடை கிட்டே வந்தது. சாவைக் கண்டு பழகின கலியமூர்த்தியின் கை, தானாகப் போய்த் தலைத்துண்டை எடுத்தது. மனுஷன் ஒதுங்கி நின்றார். ஊரே அந்த வரப்பை ஏறி மிதித்துத் தாண்டியது. அழுது சிவந்த கண்ணோடு எங்கள் கூடவே வந்த அவர் மனைவி மட்டும் அவர் முன்னால் நின்றார்.

"பொணத்துக்கு வழி உட்டியே, தண்ணிக்கு உட மாட்டியா?"

மறுநாள் மண்வெட்டியோடு வந்து வரப்பை முதலில் வெட்டினவர் கலியமூர்த்திதான். ஊர் முழுக்கச் சேர்ந்து தூர் வாரியது. ஐப்பசியில் சித்தேரி கரை தொட நிரம்பியது. அதைப் பார்த்து நான் அழுத அழுகைக்கு டோலக்கும் இல்லை, மைக்கும் இல்லை. இப்போது பாடினால் செத்தது பிழைத்துவிடும் என்று எனக்கொரு பேர் வந்துவிட்டதால், சொத்துக்காகக் காத்திருக்கிற எந்த வாரிசும் என்னைச் சாவு வீட்டுப் பக்கமே அண்டவிடுவதில்லை.