தேதி கேட்காதவர்

அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஷெஹாத்தா குப்புறப் படுத்திருக்கிறார். தலையும் ஒரு தோளும் பூனைப் பெட்டிக்குள். மீதி தொண்ணூறு கிலோவும் வெளியே. அந்தப் பெட்டிக்குள் நுழையவே மாட்டேன் என்று பத்து நாளாக அடம்பிடிக்கும் பூனை, சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவருடைய காலுறை ஓட்டையைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர்கள் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். "நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க, நான் இங்க இல்லன்னு நெனச்சுக்குங்க" என்று பெட்டிக்குள்ளிருந்து குரல் வருகிறது. கால் மணி நேரம் போனபின் பூனை மெல்ல வந்து, அவர் கழுத்தை மிதித்து உள்ளே இறங்கி, அவர் காதை மோந்து பார்க்கிறது. "வாங்க ஹானிம், வாங்க. உங்க வீடுதான்" என்கிறார் ஷெஹாத்தா. மனிதர்களை அவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பெண் பூனைகள் எல்லாம் அவருக்கு ஹானிம், அதாவது சீமாட்டி; ஆண் பூனைகள் எல்லாம் பாஷா, பிரபு.

கெய்ரோவின் நெரிசலான ஷுப்ரா பகுதியில், ஒரு கால்நடை மருத்துவரின் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை மட்டும் நுழைகிற இடத்தில் அவர் கடை இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் விமான நிலையத்தில் மூட்டை ஏற்றியவர். முழங்கால் போனதும் வேலையை விட்டார். மூட்டைகளுக்கு நடுவே விறைத்துப்போய், பெட்டி ஓட்டை வழியாக விழி பிதுங்கப் பார்த்த பூனைகளை அவரால் விட முடியவில்லை. பதினோரு வருஷமாக, வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்களின் பூனைகளைப் பயணத்துக்குத் தயார் செய்து கொடுக்கிறார்.

காகித வேலை அவருக்கு மனப்பாடம்; மருத்துவரின் பதிவேட்டை எழுதுவதும் அவர்தான். முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லு, அதன் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி, முப்பது நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. ஐரோப்பாவுக்கு என்றால் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் முடியாமல் பூனை அங்கே கால் வைக்க முடியாது. அந்த மூன்று மாதத்தில்தான் அவருடைய சொந்தப் பாடத்திட்டம் நடக்கும். நாற்பது நாள் பெட்டி சாப்பாட்டு மேசைக்கடியில் திறந்தே கிடக்க வேண்டும். சோறு அதற்குள்தான். அப்புறம் ஓடுகிற சலவை இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு வாரம். கடைசிப் பரீட்சை, அதே தெருவில் வண்டி ஓட்டும் மெக்காவியின் டுக்டுக். நம் ஊர் ஆட்டோவேதான். மெக்காவி அதில் நாலு ஒலிபெருக்கி கட்டி, கல்யாணப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு, சந்து பொந்தெல்லாம் ஓட்டுவார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷெஹாத்தா பின்னால் உட்கார்ந்திருப்பார். "இதுல தூங்கின பூனை ஆகாசத்துல குறட்டை விடும்" என்பார். இதுவரை பொய்த்ததில்லை.

இந்தத் தொழிலில் அவருக்கு ஒரே ஒரு சங்கடம். எந்தக் காரியத்துக்கும் தேதிதான் ஆணிவேர். ஆனால் ஷுப்ராவில் யாரும் பயணத் தேதியை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும். விசா ஒட்டி, பயணச் சீட்டு வாங்கி, பெட்டி கட்டி வைத்திருப்பவள்கூட, "பாக்கலாம், அல்லாஹ் நாடினா குளிர்காலத்துக்கு அப்புறம்" என்பாள். மறுநாள் காலையில் வீடு பூட்டியிருக்கும்.

ஷெஹாத்தா இதற்காக யாரையும் கோபித்ததில்லை. அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நாலாவதையாவது கண்ணேறு தாண்டிப் போகட்டும் என்று, பிச்சையாகக் கிடைத்தவன் என்று பொருள்படும் பேரை அம்மா வைத்தாள். நம் ஊர்ப் பிச்சைமுத்துகளின் கதையேதான். அதனால் அவர் தேதி கேட்பதே இல்லை. அவர்களாகச் சொல்லும் பொய்யிலிருந்து ஒரு மாதத்தைக் கழித்துக்கொள்வார். மீதியை வீடு சொல்லிவிடும். வெங்காயத்தைக் கிலோவாக வாங்கினவர்கள் இரண்டு இரண்டாக வாங்கினால் மூன்று வாரத்தில் பயணம். சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தால் பத்து நாள். பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் கணக்குத் தப்பியது.

அது இன்ஸாஃபிடம். நாற்பத்தோரு வயது, அரசு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். வேலை முடிந்து வந்து மூன்று வருஷம் ஜெர்மன் படித்து, ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் இடம் வாங்கியிருந்தாள். வீட்டில் அவளையும் ஸிம்ஸிம்மையும் தவிர யாரும் இல்லை. ஸிம்ஸிம் என்றால் எள். சாம்பல் உடம்பில் எள் இறைத்தது மாதிரிப் புள்ளிகள். ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் அறையில் கிடந்த குட்டி அது. அந்த இரைச்சலில் கண் திறந்ததாலோ என்னவோ, டுக்டுக்கில் ஏறிய முதல் நாளே தூங்கிவிட்டது.

"செப்டம்பர் கடைசியில" என்று இன்ஸாஃப் சொன்னாள். ஷெஹாத்தா நம்பினார். மருந்து கொடுத்த நேரத்தை நிமிஷக் கணக்கில் எழுதி வைக்கிறவள், தேதியில் பொய் சொல்ல மாட்டாள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். மாதத்தைக் கழிக்கவில்லை. மே மாதக் கடைசியில் எடுத்திருக்க வேண்டிய ரத்தத்தை, அக்கா மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து ஜூன் பத்தாம் தேதி நிதானமாக எடுக்க வைத்தார்.

செப்டம்பர் இரண்டாம் தேதி டுக்டுக் பயிற்சிக்காக அவள் வீட்டுக்குப் போனார். சமையலறையில் குளிர்பெட்டியின் கதவு, செருப்பு ஒன்றை இடுக்கி, திறந்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்த வெள்ளை.

"சிஸ்டர், ஃபிரிட்ஜ் ஏன் தொறந்திருக்கு?"

"கழுவினேன்."

"கழுவறவங்க வயரச் சுத்தி ரப்பர் பேண்டு போட மாட்டாங்க." ஷெஹாத்தா முக்காலியில் உட்கார்ந்தார். "எந்தத் தேதின்னு நான் கேக்கல. பத்தாம் தேதிக்கு முன்னாடியா, பின்னாடியா? அத மட்டும் சொல்லுங்க."

வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தும் அவள் ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "முன்னாடி" என்றாள்.

"எத்தன நாள் முன்னாடி?"

மேசைக்கடியில் கையைக் கொண்டுபோய் நாலு விரலைக் காட்டினாள்.

ஆறாம் தேதி. மூன்று மாதம் பத்தாம் தேதிதான் முடிகிறது. நாலு நாள் குறைகிறது. இப்போது கொண்டுபோனால் அங்கே பிடித்துக் கூண்டில் போடுவார்கள், இல்லை திருப்பி அனுப்புவார்கள். ஷெஹாத்தா அதைச் சொல்லி முடித்தபோது இன்ஸாஃபின் முகத்தில் ரத்தமே இல்லை. எட்டாம் தேதி அவள் வேலையில் சேர்ந்தாக வேண்டும், தவறினால் இடம் போய்விடும்.

"க்ளினிக் ரிஜிஸ்டர் உங்க கையிலதான இருக்கு" என்றாள் மெதுவாக. "ஜூன் பத்த ஜூன் ஒண்ணாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது ஆகாது."

"நான் பொய் சொன்னேன்னுதான இப்பிடிப் பண்றீங்க?"

"நீங்க எங்க பொய் சொன்னீங்க? கண்ணுக்குப் பயந்து மறைச்சீங்க. எங்கம்மா என் பேரையே அப்பிடித்தான் வெச்சா. வாயில வர்ற தேதி ஊருக்கு, சிஸ்டர். எப்பிடி வேணா இருக்கலாம். பேப்பர்ல இருக்கறது ஸிம்ஸிம் ஹானிமோடது. அதுல நான் கை வெக்க மாட்டேன். தப்பு என்னுது. பத்து நாள் தள்ளிப் போட்டவன் நான்."

"அப்ப நான் போகல." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அது என் செருப்பு மேலதான் தூங்கும். நான் போயிட்டா எந்தச் செருப்பு மேல தூங்கும்?"

ஷெஹாத்தா முக்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். அப்புறம் தன் சட்டைப் பையிலிருந்து மடித்த விதிமுறைத் தாளை எடுத்து விரித்தார். பூனைக்குச் சொந்தக்காரர் போன ஐந்து நாளுக்குள், அவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு, வேறொருவர் பூனையைக் கூட்டி வரலாம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதாவது பத்தாம் தேதி, இல்லையென்றால் பதினோராம் தேதி. இரண்டே நாள். அந்த இரண்டு நாளில் ஃபிராங்க்ஃபர்ட் போகிற ஒருவர் வேண்டும். தேதியை யாருமே சொல்லாத ஊரில், தேதி தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர் இரண்டு நாள் தெருத்தெருவாக நடந்தார். கடைக்குள் நுழையவில்லை. எல்லா மாடிகளையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார். கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசியில் தன் கடைக்கு எதிர்த்தாற்போலவே கிடைத்தது. ஊறுகாய்க் கடைக்காரி உம்மு ஹாஸிமின் பால்கனி. போர்வைகளுக்கு நடுவில், வெளித் தெரியாமல் உள்பக்கம் திருப்பி, கம்பளிக் கோட்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. செப்டம்பர் வெயிலில், கெய்ரோவில்.

ஷெஹாத்தாவுக்கு ரத்த அழுத்தம். ஊறுகாயை மருத்துவர் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நேரே போய் உம்மு ஹாஸிமின் பீப்பாய்க்கு முன்னால் நின்றார்.

"வெயில் நல்லா அடிக்குது, உம்மு ஹாஸிம்."

"அடிக்குது."

"கம்பளி எல்லாம் சுருக்கக் காஞ்சிரும்."

கரண்டி நின்றது. "எந்தக் கம்பளி?"

"எனக்கென்ன தெரியும்? நான் எதையும் பாக்கல."

"எம்புள்ள எங்கயும் போகல. பெருநாளுக்கு அப்புறம் பாக்கலாம்னு இருக்கான். படிப்பு கிடைக்கணும், விசா கிடைக்கணும், எவ்வளவோ இருக்கு."

"இருக்கட்டும். எங்கயும் போகாத பிள்ளை, கையில ஒரு பூனையத் தூக்கிட்டுப் போகுமான்னு கேக்கலாம்னு வந்தேன்."

விஷயத்தை முழுதாகச் சொன்னார். ஃபிராங்க்ஃபர்ட் என்பதையும், பத்து, பதினொன்று என்ற இரண்டு நாளையும் சொன்னார். பூனையின் பேரைச் சொன்னார், செருப்பைச் சொன்னார். உம்மு ஹாஸிம் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கேட்டாள்.

"யாரு, என் காலு புண்ணு ஆறாம கெடந்தப்ப தினம் வந்து கட்டுப் போட்டுட்டுப் போச்சே, அந்த நர்ஸா?"

"அவங்கதான்."

உம்மு ஹாஸிம் மறுபடி பீப்பாய்ப் பக்கம் திரும்பினாள். ஒரு பையை விரித்து, பீப்பாய்க்குள் கரண்டியை விட்டு, ரோஜா நிற டர்னிப் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட ஆரம்பித்தாள். வழக்கமாக அவள் அள்ளித்தான் போடுவாள். அன்றைக்கு ஒன்று, இரண்டு என்று நிறுத்தி நிறுத்தி விழுந்தன. ஷெஹாத்தா மனசுக்குள் எண்ணிக்கொண்டே பார்த்தார். எட்டு. ஒன்பது. பத்தில் நிறுத்தி, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பதினொன்றாவது துண்டைப் போட்டாள். கரண்டி மறுபடி பீப்பாய்க்குள் போனது. பன்னிரண்டு விழுந்தால் காரியம் கெட்டது. அவள் வெறும் ஊறல் தண்ணீரை மொண்டு ஊற்றி, பையை இறுக்கி முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

"நானும் ஒண்ணும் கேக்கல" என்றார் ஷெஹாத்தா.

ஆறாம் தேதி இன்ஸாஃப் போனாள். தான் நாலு வருஷமாக ஆஸ்பத்திரிக்குப் போட்டுத் தேய்ந்த செருப்பை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஐந்து நாள் ஸிம்ஸிம் ஷெஹாத்தா வீட்டில், பெட்டிக்குள், அந்தச் செருப்பின் மேல் தூங்கியது. பதினோராம் தேதி உம்மு ஹாஸிமின் பிள்ளை ஹாஸிம், கம்பளிக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, பெட்டியையும் கடிதத்தையும் வாங்கிக்கொண்டான். அந்தக் கோட்டைப் பார்த்ததாக ஷெஹாத்தா காட்டிக்கொள்ளவில்லை. விமானத்தில் பூனை முழு நேரமும் தூங்கியதாக மறுநாள் சேதி வந்தது. அதைக் கேட்டு அவர் உம்மு ஹாஸிமின் ஊறுகாயைத் தயக்கமில்லாமல் ஒரு துண்டு கடித்தார்.

பதின்மூன்றாம் தேதி மத்தியானம் கடையில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. வீடியோவில் இன்ஸாஃப். கண் வீங்கியிருந்தது.

"ரெண்டு நாளா வெளிய வரல, உஸ்தாத். ஒரு வாய் திங்கல. செருப்பு மேல ஒடுங்கிப் படுத்துக்கிட்டு நடுங்குது. நான் தப்புப் பண்ணிட்டேன். அத இங்க கொண்டாந்திருக்கவே கூடாது."

"மீன் வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"பெட்டி மேசைக்கடியிலதான இருக்கு?"

"எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் இருக்கு."

ஷெஹாத்தா தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டார். அவள் சொன்னதைவிட, அவள் பேச்சுக்கு நடுவே அந்த அறையில் என்ன கேட்கிறது என்று கவனித்தார். வண்டிச் சத்தம் இல்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தண்ணீர் சொட்டும் சத்தம்கூட இல்லை. மேசை, பெட்டி, சலவை இயந்திரம், டுக்டுக் என்று அந்தப் பூனைக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தார். ஜெனரேட்டர் பக்கத்தில் பிறந்து ஷுப்ராவில் வளர்ந்த பூனைக்கு, சத்தமே இல்லாத ஓர் அறையை அவர் காட்டவே இல்லை. காட்டுவதற்கு ஷுப்ராவில் அப்படி ஓர் இடமும் கிடையாது.

"சிஸ்டர், போனைப் பெட்டி வாசல்ல வையுங்க. சத்தத்த முழுசாக் கூட்டி வையுங்க. நீங்க பேசாதீங்க."

காத்திருந்த வாடிக்கையாளர்களை விலக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினார். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு டுக்டுக்கில் மெக்காவி சாய்ந்து கிடந்தார். ஷெஹாத்தாவின் கையில் ஒளிரும் திரையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, யாரோ முக்கியமானவர் பேசுகிறார் போலிருக்கிறது என்று, கத்திக்கொண்டிருந்த காய்க்காரனைப் பார்த்து "உஷ்" என்றார்.

ஷெஹாத்தா வேண்டாம் என்று வேகமாகத் தலையாட்டினார். கெட்டுப்போன முழங்காலை மடக்கி டுக்டுக்கின் பின்னால், சுடுகிற தார் மேல் குப்புறப் படுத்து, தொலைபேசியை எஞ்சினுக்குப் பக்கத்தில் நீட்டினார். இன்னொரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, வண்டியைக் கிளப்பு, பாட்டைப் போடு, ஹாரனை அடி என்று மெக்காவிக்கு விரலைச் சுழற்றிக் காட்டினார்.