வாய்க்காலுக்குள் ஒரு வீடு

நான் பயந்தபடி எதுவும் நடந்ததே இல்லை. வீட்டில் இதை என்னுடைய ஒரே நல்ல குணமாகக் கருதினார்கள். கூரியர்காரர் கதவைத் தட்டினால் வருமான வரி அதிகாரி என்று நினைத்துப் பனியனோடு கொல்லைப்பக்கம் போய் நிற்பேன். பிரியாணி சாப்பிட்டு நெஞ்சு எரிந்தால் மனைவியைக் கூப்பிட்டு, எந்தச் சாவி எந்த பீரோவுக்கு என்று சொல்ல ஆரம்பித்துவிடுவேன். "உங்களுக்கு ஒண்ணு நடக்கும்னு தோணிட்டா, அது நடக்காதுன்னு எழுதி வச்சுக்கலாம்" என்பாள் அவள்.

என் வேலையும் இந்தக் குணத்துக்கு உரம் போடுகிற வேலைதான். சென்னை நிறுவனம் ஒன்றுக்காகக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிறேன். எங்கே எது எரிந்தது, எது இடிந்தது, எது மூழ்கியது என்று காலையிலிருந்து மாலை வரை படிக்கிறவனுக்கு உலகம் பூந்தோட்டமாகவா தெரியும்?

கொரோனாவுக்குப் பிறகு இந்த வேலையை வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தேன். வீடு கும்பகோணத்திலிருந்து நன்னிலம் போகிற சாலையில் உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். மனைவி திருத்துறைப்பூண்டிப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, உறவுக்காரர்கள் கேட்பதையே நிறுத்திய பிறகு, எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். இப்போது மூன்று வயது. பகலெல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டது நான்தான்.

பார்த்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கொல்லையும் பாசன வாய்க்காலில்தான் முடியும். வீட்டுக்கு ஒரு படித்துறை. தை மாதக் கடைசியில் மேட்டூர் அணையை மூடினால் ஆனி வரை வாய்க்கால் காய்ந்து மணலாகக் கிடக்கும். இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர், அவள் தலையைவிட உயரம். ஒரு முனையில் பழைய பெஞ்சைச் சாய்த்தேன், மறுமுனையில் கருவேல முள்ளை இழுத்துப்போட்டேன். வெளியேற இருந்த ஒரே வழி படிக்கட்டு. அதில் மடிக்கணினியோடு நான் உட்கார்ந்துகொண்டேன். மேலே பூவரச மர நிழல், கீழே மணலில் குழந்தை. அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டே அவள் சமைத்த மணல் சோற்றைச் சாப்பிடுவேன். "அரசாங்கமே கட்டிக் குடுத்த குழந்தைகள் காப்பகம்" என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டேன்.

அவள் அங்கே ஒரு வீடு கட்டினாள். நான்கு செங்கல், கொட்டாங்கச்சி, சொப்பு, கை ஒடிந்த பொம்மை ஒன்று. அந்தப் பொம்மைதான் அம்மா. அம்மா எப்போதும் ஸ்கூலுக்குப் போயிருப்பாள். காலையில் எழுந்தவுடன் "என் வீட்டுக்குப் போறேன்" என்று தானே படியிறங்கப் பழகிவிட்டாள்.

மே மாதக் கடைசியில் மின்னஞ்சல் வந்தது. ஜூன் நடுவிலிருந்து எல்லோரும் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும். எங்களைப் போன்ற டெல்டாக்காரர்களுக்காகத் தஞ்சாவூரில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்திருக்கிறார்களாம். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அட்டையைத் தேய்க்க வேண்டும். கடிதத்தின் முடிவில் ஒரு மஞ்சள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. நல்ல செய்தி அனுப்புகிறவர்கள் அந்த முகத்தைப் போட்டு நான் பார்த்ததில்லை.

அதே வாரம் மேட்டூர் திறக்கும் தேதியையும் அறிவித்தார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான். "குழந்தைக்கு ஏதோ ஆகப்போவுது" என்றேன் மனைவியிடம்.

"உங்க வாயால சொல்லிட்டீங்கல்ல, ஒண்ணும் ஆவாது" என்றாள். கீரை ஆய்கிற கை நிற்கக்கூட இல்லை.

கும்பகோணத்தில் சாயங்காலம் வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருந்தது. போய்ப் பார்த்தோம். ஒரே அறை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. தரையில் வரிசையாகக் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

"எல்லாரும் ஒரே நேரத்துல எப்படிங்க தூங்குறாங்க?" என்று மனைவி கேட்டாள்.

அந்த அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

கடைசியில் இப்படி முடிவாயிற்று. அங்கன்வாடி ஆயா சமைப்பதற்காகச் சீக்கிரமே வந்துவிடுவார். அவரிடம் விட்டுவிட்டு நான் பஸ் பிடிக்க வேண்டும். அங்கன்வாடி மூன்று மணிக்கு மேல் இல்லை. அங்கிருந்து மனைவி வருகிற வரைக்கும் பக்கத்து வீட்டு அக்கா. நடவு, நாற்றுப் பறிப்பு என்று தினமும் வயலுக்குப் போகிறவர். மதியத்துக்கு மேல்தான் வீட்டில் இருப்பார்.

"பாத்துக்குறேன் தம்பி. ஆனா சொல்லிப்புட்டேன், காலையிலேர்ந்து குனிஞ்சு நிமிந்தவ நான். உக்காந்தா கண்ணு சொருகிடும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மட்டும்தான் கேட்டேன் போல. மனைவி நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் வேலைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் கிளை வாய்க்காலுக்கு வர இன்னும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்றார்கள். இருந்தாலும் நான் படியிறங்கிப் போய், "பாப்பா, இங்க தண்ணி வரப்போவுது, வீட்டைக் காலி பண்ணணும்" என்றேன்.

"நான் வரமாட்டேன். நீ ஆபீஸ் போ" என்றாள்.

சொப்பையெல்லாம் பொறுக்கி மேலே கொண்டுவந்து வைத்தேன். நான் கை கழுவித் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் திரும்பக் கீழே இறக்கியிருந்தாள். படித்துறையில் மூங்கில் படல் ஒன்றை வைத்துக் கட்டினேன். அவள் அடுத்த வீட்டுப் படித்துறை வழியாக இறங்கி, பெஞ்சின் இடுக்கில் நுழைந்து வந்து, உள்ளே நின்றுகொண்டு, படலுக்கு வெளியே இருக்கும் என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

முதல் நாள் தஞ்சாவூர் அலுவலகத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகள் வரிசை வரிசையாக இருந்தன. வந்தவர்கள் நாலைந்து பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு சென்னையோடு பேசிக்கொண்டிருந்தோம். வீட்டுப் படித்துறையில் உட்கார்ந்து யாரோடு பேசினேனோ அதே ஆட்களோடு, அதே பேச்சு. இதற்காக இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது.

மூன்று மணிக்கு மேல் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. யாரோ ஓடிக்கொண்டே எடுத்தது. காய்ந்த மணலில் நாக்கு நீட்டிக்கொண்டு வருகிற மாதிரி தண்ணீர். முன்னால் நுரையும் சருகும். அதற்கும் முன்னால், பொந்திலிருந்து கிளம்பிய ஒரு பாம்பு அவசரமில்லாமல் நெளிந்து போயிற்று. "தண்ணி வந்துடுச்சு" என்று பெண்கள் கத்துவது கேட்டது. தண்ணீரை வரவேற்று அவர்கள் போட்ட பூ விழுந்தது. தூர் வாரி முடியாத வேறொரு கிளையை அடைத்துவிட்டு எங்கள் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வீடியோவின் ஓரத்தில் தெரிந்த பூவரச மரம். எங்கள் மரம்.

அக்காவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். மனைவி இந்த நேரம் வகுப்பில். அங்கன்வாடியில் "அப்பவே கூட்டிட்டுப் போயிட்டாங்களே" என்றார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை வெளியில் சொல்லக்கூடாது. கூட்டத்தின் நடுவில், சென்னையிலிருந்து மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே, காதுக்கருவியைக் கழற்ற மறந்து எழுந்து ஓடினேன். வயர் இழுத்ததில் மடிக்கணினியும் மேஜையில் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. அட்டை தேய்க்காமல் வாசலில் இடித்துக்கொண்டேன். காவலாளி கதவைத் திறந்துவிட்டு, "பாத்ரூம் உள்ளதான் சார்" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு டீக்கடைக்காரனுக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். கடை எங்கள் வாய்க்கால் பாலத்தடியில்.

"மாப்ள, போய் எங்க பாப்பாவைப் பாரேன்."

"கடையில கூட்டம்டா. அக்காதான் இருக்காங்கல்ல."

அய்யம்பேட்டை தாண்டியதும் இரண்டாவது முறை. பாபநாசத்தில் மூன்றாவது.

"டேய், ஊரே வாய்க்கா மேலதான் நிக்குது. ஒரு புள்ளை இறங்கினா தெரியாதா? பேசாம வாடா."

"அதுக்கு அது வீடுடா" என்றேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் தண்ணியைத்தான் பாப்பாங்க. அவ வீட்டைப் பாப்பா. மாப்ள, கெஞ்சிக் கேக்குறேன்."

கும்பகோணத்தில் பஸ் மாறி ஊரை நெருங்கும்போது நாலாவது முறை அடித்தேன், அவன் எடுக்கவே இல்லை. மீதி தூரத்தில் நான் படித்த கோரிக்கைகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. சம்பவம் நடந்த இடம், சம்பவத்தின்போது உடனிருந்தவர், பராமரிப்பாளரின் கவனக்குறைவு உண்டா இல்லையா. அந்தக் கடைசிக் கட்டத்தில் எத்தனையோ முறை "உண்டு" என்று நானே குறித்திருக்கிறேன்.

ஊரில் இறங்கி ஓடினேன். எங்கள் கொல்லையில் ஒரே கூட்டம். டீக்கடைக்காரன் நடுவில் நின்றான். வேட்டி இடுப்பு வரை நனைந்திருந்தது. அவன் தோளில் பாப்பா. பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"உன் தொல்லை தாங்காமத்தான்டா வந்தேன்" என்றான். சிரிக்க முயன்றான், வாய் கோணிக்கொண்டது. "ஒனக்குப் பைத்தியம்னு திட்டிக்கிட்டே வரேன். அக்கா வீட்டுப் படியில நிக்குது. அதுக்கு இடுப்பளவு தண்ணி. அடுத்த படிக்கு இன்னொரு காலைத் தூக்கிடுச்சு."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். திண்டில் சாய்ந்தவர் கண்ணயர்ந்துவிட்டார். போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. ஊரே பூப் போட்டுக்கொண்டிருக்க, யாரும் படித்துறைப் பக்கம் திரும்பவில்லை.

"அப்பா, வீட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு. அம்மா உள்ள இருக்கு" என்றாள் பாப்பா என்னிடம், புகார் சொல்கிற மாதிரி.

ஊரில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். "அப்பன்னா இப்படி இருக்கணும், உள்ளுணர்வு பாருங்க" என்றார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நாற்பத்தாறு வயது வரை பயந்தது ஒன்றும் பலிக்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் நான் இவ்வளவு தாராளமாகப் பயந்துகொண்டிருந்தேன். இனிமேல் எதற்குப் பயந்தாலும் அது வந்துவிடலாம்.

மறுநாள் மேலாளரிடம் பேசினேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். மதியமே கிளம்பிப்போய் மீதி வேலையை வீட்டில் முடிக்க அனுமதி கேட்டேன்.

"எல்லாருக்கும் குழந்தை இருக்கு ப்ரோ. எல்லாரும் மேனேஜ் பண்றாங்கள்ல?"

"எல்லார் வீட்டுக்குப் பின்னாலயும் வாய்க்கால் ஓடுதா ப்ரோ?"

"அது உங்க பர்சனல் ப்ரோ." கெட்டவர் இல்லை. உண்மையாகவே வருத்தப்படுகிற குரலில்தான் சொன்னார். "இந்த வாரம் லீவ் எடுத்துக்கங்க. திங்கக்கெழமைலேர்ந்து வந்துடுங்க."

வாரக் கடைசியில் அக்கா தயங்கித் தயங்கி வந்தார். "தப்பா நெனைக்காதீங்க தம்பி. இனிமே கண்ணயர மாட்டேன்னு சத்தியம் பண்ணலாம், ஆனா ஒடம்பு கேக்காது. பழைய புடவையை இடுப்புல கட்டித் தூணோட போட்டுடுறேன். எங்க புள்ளைங்களையும் அப்படித்தான் வளத்தோம். ஒண்ணும் ஆவலை."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "கட்டட்டும். ரெண்டு மூணு மணி நேரம்தானே" என்றாள். உள்ளே போய்ப் பருத்திப் புடவை ஒன்றை எடுத்துவந்ததும் அவள்தான். மெத்தென்று இருக்கட்டும் என்று நல்லதாகவே எடுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒத்திகை பார்த்தோம். பாப்பாவுக்கு அது விளையாட்டு. "நான் மாடு, நான் மாடு" என்று தூணைச் சுற்றினாள். முடிச்சை முதுகுப்பக்கம் போட்டேன். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். அக்கா இழுத்துப் பார்த்து, "யானையைக் கட்டலாம்" என்றார். மூவரும் உள்ளே வந்து டீ குடித்தோம். நான் ஏதோ தமாஷ் சொன்னேன், அக்கா சிரித்தார். கொல்லையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பாப்பா சமையலறை வாசலில் நின்றாள். புடவையின் நுனி அவள் கையில் இருந்தது. பின்னால் மீதிப் புடவை நிலைப்படியைத் தாண்டி இழுபட்டு வந்திருந்தது. முதுகிலிருந்ததை முன்னால் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும், இரண்டு முடிச்சும் அவிழ்ந்திருந்தன.

"இந்தா" என்று அதை அம்மாவிடம் நீட்டினாள்.

என் மனைவி பயந்து நான் பார்த்ததில்லை. பிரசவ அறைக்குப் போகும்போதுகூட எனக்குத்தான் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனவள். அன்று அவள் அந்தப் புடவையை வாங்கிக்கொண்டாள். அதை மடிக்கப் பார்த்தாள், மடிக்க வரவில்லை. "நீங்க போக வேண்டாம்" என்றாள். "நாளைக்குப் போக வேண்டாங்க."

எனக்கு ஒரு தமாஷும் வரவில்லை.

சம்பளமில்லாத விடுப்புக்கு எழுதினேன். ஆடிக் கடைசி வரைக்கும் கிடைத்திருக்கிறது. மேலாளர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: "அதுக்கப்புறம் என்ன ப்ளான் ப்ரோ?" மஞ்சள் முகம் இல்லாமல். பதிலுக்கு என்னென்னவோ அடித்து அழித்தேன், இன்னும் அனுப்பவில்லை. என் வயதில் வெளியே போனால் வேறு வேலைக்கு யார் கூப்பிடுவார்கள் என்ற பயமும் இப்போது வரிசையில் நிற்கிறது. அது பலிக்குமா என்று யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

படித்துறைகள் எல்லாவற்றிலும் ஊர்க்காரர்கள் தட்டி வைத்திருக்கிறார்கள். துணி துவைக்க வருகிறவர்கள் நகர்த்திவிட்டு, திரும்ப வைக்க மறந்துவிடுகிறார்கள். பாப்பா தினமும் கொல்லைக் கதவருகே நின்று, "தண்ணி எப்ப போவும்?" என்று கேட்கிறாள். தை மாசம் என்கிறேன். தை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. நாளைக்கா என்கிறாள்.

ஆடி பிறந்துவிட்டது. தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.