எட்டு வெள்ளை வட்டங்கள்

அந்த எக்ஸ்ரே படத்தை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் விலா எலும்புகளுக்குக் குறுக்கே எட்டு வெள்ளை வட்டங்கள் வரிசையாகத் தெரியும். அவை நோய் இல்லை, காந்த வில்லைகள். என் மாமனார் நெஞ்சைச் சுற்றிக் கட்டியிருந்த பெல்ட்டில் தைத்தவை. கழற்றினால்தான் எடுப்பேன் என்று கத்திப் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை. பெல்ட்டோடு எடுத்த படம் எதற்கும் உதவாது என்று தெரிந்தேதான் பொத்தானை அமுக்கினேன்.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடுவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. மாமா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து மில்லில் கல் உடைக்கும் பக்கம் வேலை பார்த்து ரிட்டயரானவர். ஸ்கெலட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில், வரிசையாகக் கட்டிய லைன் வீடு. நான் சுரங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மாமாவின் நுரையீரலில் ஏற்கெனவே கல்தூசி. அதன்மேல் டி.பி.யும் வந்து உட்கார்ந்தது. ஆறு மாசம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும், நடுவில் விட்டால் அடுத்த தடவை மருந்து கேட்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்தச் சிவப்பு மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் செக்கச்செவேல் என்று போகும். "ரத்தமா போவுதும்மா" என்று மாமா மிரண்டார். மருந்தின் நிறம் அது, பயப்படாதீர்கள் என்றேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்தால் எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் கேபிள் டி.வி. ஓடும். காந்த பெல்ட் விளம்பரத்தில் ஒரு சினிமா நடிகர் அப்போது வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வருவார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வேறு! காந்தம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும், நெஞ்சில் இருக்கும் கசடையெல்லாம் இழுத்துவிடும், நானே கட்டியிருக்கிறேன் பாருங்கள் என்று சட்டையைத் திறந்து காட்டுவார். அவருடைய முதல் படத்திலிருந்து மாமா அவருக்கு ரசிகர். என் சின்ன மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, இருமிக்கொண்டே பார்ப்பார். அவளுக்கும் தொற்றிவிடுமோ என்று அந்த வருஷம் மகளுக்கு மட்டும் மூன்று தடவை எக்ஸ்ரே எடுத்தேன்.

பெல்ட் வந்தபோது மாத்திரை தொடங்கி இரண்டு மாசம் ஆகியிருந்தது. இருமல் குறைந்து, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. பாடுபட்டது மாத்திரை, பேர் வாங்கியது பெல்ட். ஒரு நாள் பரணைத் துடைக்கும்போது மாமா வேலைக்குக் கொண்டுபோன பழைய டிபன் கேரியரைத் திறந்தேன். அடி டப்பா நிறைய சிவப்பு மாத்திரைகள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு தட்டில் இரும்பு ஆணி ஒன்றும் வெள்ளைக்கல் சில்லு ஒன்றும் வைத்து அவர் முன்னால் டக்கென்று வைத்தேன். பெல்ட்டைப் பிடுங்கி மேலே காட்டினேன். ஆணி துள்ளி ஒட்டியது. கல் கிடந்த இடத்தில் கிடந்தது. "பாத்தீங்களா மாமா? உங்க நெஞ்சுல கீறது ஆணியா, கல்லா?"

மாமா அந்தக் கல்லை எடுத்து விரலால் துடைத்தார். "எனக்கே பாடம் சொல்றியா? மில்லுல கல்லு போற பெல்ட்டுக்கு மேல இம்மாம் பெரிய காந்தம் தொங்கும். ஒடஞ்ச ட்ரில் துண்டத்தான் புடிக்கும். கல்லு அதும்பாட்டுக்குப் போயிகினே இருக்கும். எல்லாம் தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்குக் கட்டினு கீறீங்க?"

"வேலைல இருந்தப்ப வருஷா வருஷம் உங்க எக்ஸ்ரே ரூம்ல வந்து மூச்சப் புடிச்சுகினு நின்னேன். வேலைக்கு ஃபிட்டு, ஃபிட்டுன்னு எழுதி அனுப்பனாங்க. எங்கூட நின்ன அத்தினி பேரும் ஃபிட்டு. இப்ப எங்க இருக்கானுங்க? அந்த நடிகன் ஒரு நாளாவது எனுக்கு ஃபிட்டுன்னு பொய் சொன்னானா, சொல்லு?"

அந்தப் படங்களைக் கழுவித் தொங்கவிட்டவள் நான்தானே. மாவு தூவியது போல் புள்ளிகள் இருந்த படங்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். "எடுக்கறது மட்டும்தான் உன் வேலை" என்றார்கள் ஆஸ்பத்திரி அதிகாரிகள். சரி என்று இருந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, இன்றைக்கும்.

மழைக்காலம் முடிவதற்குள் இருமல் திரும்பி வந்தது. இந்தத் தடவை ரத்தத்தோடு. மறுபடி தொடங்கிய மாத்திரை எதுவும் கேட்கவில்லை. அப்போது எடுத்ததுதான் இந்தப் படம். இருட்டறையில் கழுவித் தூக்கிப் பார்த்தேன். வட்டங்கள் மறைத்தது போக மிச்சம் தெரிந்ததே போதும். வலது பக்கம் முழுக்க ஓட்டை. ஈரக்கையோடு வெளியே வந்தேன். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எலும்பும் தோலும். கண்ணில் மட்டும் அப்படி ஒரு ஆசை.

"இன்னாம்மா, ஃபிட்டா?"

"ஃபிட்டுதான் மாமா" என்றேன். சாகப்போகிறவரிடம் வேறு என்ன சொல்ல என்று அப்போது தோன்றியது. மாமா பெல்ட்டை ஒரு தட்டு தட்டிச் சிரித்தார். போகும் வழியெல்லாம், தண்ணீர்க் குழாயடியிலும் கோயில் வாசலிலும் நின்று நின்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். "எம் மருமவளே படம் புடிச்சிப் பாத்து சொல்லிச்சு. பெல்ட்டு வேலை செய்யுது."

அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். முதல் ஆளாக வந்தவர் எங்கள் லைன்காரர், மாமாவோடு மில்லில் இருந்தவர். டி.பி.க்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தி இரண்டு மாசமாகிறது என்றார். எதற்கு நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு, "நீதானம்மா சொன்ன" என்று சட்டையைக் கழற்றினார்.

நெஞ்சைச் சுற்றிப் புத்தம்புது பெல்ட். வில்லைகள் எட்டு.