கீழே இறங்கிய கை

ரயில் கிளம்பும்போது கார்டு ஊதும் விசில்: நீண்டு ஒலித்து, நடுவில் ஒருமுறை நடுங்கி, அறுந்த நூல் போல நின்றுவிடும். தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டிய மைதானத்தில் நான் கால்பந்து நடுவராக நின்ற மழைக்காலம் அந்தச் சத்தமாகத்தான் எனக்குள் தங்கியிருக்கிறது. நடுவர் வேலையில் நன்றி என்ற சொல்லே கிடையாது. விடைத்தாள் திருத்துகிறவர்கள், பங்காளிச் சண்டையில் பஞ்சாயத்துப் பேசுகிறவர்கள், இரண்டு மருமகள்கள் உள்ள மாமியார்கள் எல்லாரும் என் கட்சி.

நான் பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்த ஒரே ஆள் என்று, அறுபதுகளின் கடைசியில் வட்டாரப் போட்டிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் அப்போது வரவில்லை. ஒரு விசில், ஒரு சின்ன நோட்டு, இரண்டு கைகள், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஒரு தொழிற்சாலையின் விளையாட்டு அதிகாரி எல்லா ஆட்டங்களையும் பார்க்க வந்தார். தன் அணிக்கு ஒரே ஒருவரை எடுப்பார். எடுக்கப்பட்டவனுக்கு நிரந்தர வேலை. இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. பெருங்களத்தூர் அணியின் அந்தோணிக்கு அடுத்த மாதம் அந்த வயது முடிகிறது. மைதானத்தில் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

இரண்டு விசில்

முதல் ஆட்டத்தில் அந்தோணி தனியாகப் பந்தோடு கோலை நோக்கி ஓடினான். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனில் கார்டு ஊதினார். நான்தான் ஊதினேன் என்று நினைத்து, பந்தின் மேல் காலை வைத்து மரியாதையாக நின்றுவிட்டான். எதிரணிக்காரன் வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போனான்.

ஆட்டத்தை நிறுத்தி, இருவருக்கும் நடுவில் பந்தைப் போட்டேன். விதி அவ்வளவுதான் தரும்; போன வாய்ப்பைத் திருப்பித் தராது. அந்தோணி சிரித்தபடியே சொன்னான்: "கார்டு ஊதினா ரயிலுதான் போவும்னு இருந்தேன், என் கோலும்ல போய்டுச்சு டீச்சர்!"

பன்னிரண்டு தப்படி

அடுத்த ஆட்டத்தில் எதிரணிக்காரன் கோல் அருகே பந்தைக் கையால் தடுத்தான். பெனால்ட்டி. விசில் ஊதி, புள்ளியைக் காட்ட விரலை நீட்டினேன். புள்ளியைக் காணோம். காலையில் போட்ட சுண்ணாம்பை மழை கரைத்துவிட்டிருந்தது. கோல் கோட்டிலிருந்து நானே பன்னிரண்டு தப்படி எண்ணி நடந்தேன். எதிரணிக் கோல்கீப்பர் ஒரு தபால்காரர். தெருத்தெருவாக நடந்து தூரம் தெரிந்தவர். அவர் அலறினார்: "டீச்சர், புடவைத் தப்படியில பன்னெண்டு வெச்சா பந்து என் மூக்கு மேலதான் இருக்கும்!"

விரல் காட்டிய திசை

அரையிறுதியில் பொழிச்சலூர்க் கண்ணாயிரம் அந்தோணியின் கணுக்காலை உதைத்தான். பெயரை நோட்டில் எழுதினேன். மறுபடி உதைத்தான். வெளியே போ என்று மைதானத்தின் ஓரத்தை நோக்கி விரலைக் காட்டினேன். அவன் திரும்பி அந்தத் திசையை நிதானமாகப் பார்த்தான். "அங்க இன்னா டீச்சர் கீது? மாடுதான மேயுது?" என்றான். கூட்டம் சிரித்தது.

கையில் அட்டை இல்லாத நடுவரின் விரல் வெறும் விரல்தான். ஐந்து நிமிடம் அதை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் அவனுடைய கேப்டன் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனான். என் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அது தெரியாமல் கண்ணாயிரம் போகிறபோது கேட்டான்: "வூட்ல புருஷனாண்டயும் இப்டிதான் வெரல் காட்டுவீங்களா?"

தூக்கிய கை

இறுதி ஆட்டம். இரண்டு அணிக்கும் ஒவ்வொரு கோல், கடைசி நிமிடங்கள். எதிரணிக்காரன் அந்தோணியை ஓடவிடாமல் குறுக்கே நின்று மறித்தான். அதற்குத் தண்டனை மறைமுக ஃப்ரீ கிக். பந்து இன்னொருவர் மேல் படாமல் நேராகக் கோலுக்குள் போனால் செல்லாது. அதைத் தெரிவிக்க நடுவர் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கியபடியே நிற்க வேண்டும். கை கீழே இருந்தால், நேராக அடிக்கலாம் என்று அர்த்தம்.

தூக்கினேன். மழைக்காற்று வீசியது. தோளில் குத்தியிருந்த ஊக்கு கழன்று முந்தானை சரிந்தது. தூக்கிய கை தானாக இறங்கி அதைப் பிடித்தது. ஒரு கண்ணிமைப்புதான். அந்தக் கண்ணிமைப்பில் அந்தோணி என்னை நிமிர்ந்து பார்த்தான். நேராக அடித்தான். பந்து மூலையில் போய் வலையைத் தூக்கியது. அதற்குள் என் கை மறுபடி மேலே இருந்தது.

கூட்டம் என்னைப் பார்த்தது. தப்பு என்னுடையது, மறுபடி அடிக்கட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். முந்நூறு ஆண்கள். கோல் செல்லாது என்று கையசைத்தேன். ஆட்டம் சமனில் முடிந்து, நாணயம் சுண்டியதில் எதிரணி ஜெயித்தது. அதிகாரி அந்த அணியில் ஒருவன் பெயரை எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

எல்லாரும் போன பிறகு அந்தோணி வந்தான். பூட்ஸ் இரண்டையும் கயிற்றால் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தான். கோபமே இல்லை, இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொன்னான்: "கை கீழதான் இருந்துச்சு டீச்சர். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

நடுவரின் தீர்ப்பே இறுதியானது என்று விதிப்புத்தகம் சொல்வதில் பிழையே இல்லை. அந்தோணி பம்மல் பக்கத்துக் கல் குவாரியில் ஜல்லி உடைத்து, நாற்பத்திரண்டாவது வயதில் நெஞ்சு நோயில் இறந்துபோனான்.